துளை இல்லாத நாற்காலி

டோர்கஸ் யெல்லண்ட் அழுதுகொண்டு வரவில்லை, கோபத்தோடு வந்தாள். பாத் நகரத்தில் டாரன்டின் அலுவலகத்துக்கு ஏறும் பதினெட்டுப் படிகளையும் ஏறி வந்து, நனைந்த மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் பேச ஆரம்பித்தாள்.

"நான் திருடலை, மிஸ்டர் டாரன்ட். முதல்ல அதைச் சொல்லிடறேன். அதுக்கப்புறம் நீங்க என்ன வேணா கேளுங்க."

"முதல்ல உட்காருங்க. நின்னுக்கிட்டே கோபப்படலாம், விவரம் சொல்றதுக்கு உட்காரணும்" என்றார் எட்மண்ட் டாரன்ட்.

டாரன்ட் இருபது வருஷம் தீ விபத்துக் காப்பீட்டில் வேலை பார்த்தவர். எரிந்தது எது, எரித்தது எது என்று சாம்பலைக் கிளறியே சொல்லிவிடுவார். போர் முடிந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தார். பொறுமைசாலி. ஆனால் தேநீரை ஆறவிட்டே குடிக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அவருடைய உதவியாளர் வின்னி பாஸ்க் அதற்கு நேர் எதிர். தட்டச்சு, மோட்டார் சைக்கிள், சந்தேகம் மூன்றிலும் அவளுக்கு வேகம் அதிகம். எந்த வழக்கானாலும் மூன்றாவது நிமிஷத்தில் குற்றவாளியைப் பிடித்துவிடுவாள். ஐந்தாவது நிமிஷத்தில் ஆளை மாற்றிவிடுவாள்.

டோர்கஸ் உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வயது, விதவை. ஃப்ரோம் ஊரில் சொந்தப் பட்டறை வைத்துப் பழைய படச் சட்டங்களுக்கும் நாற்காலிகளுக்கும் தங்க ரேக்கு, அதாவது காற்றில் பறக்கும் மெல்லிய தங்கத் தகடு, ஒட்டுகிறவள். அவள் நகக் கண்களில் அப்போதும் தங்கத் துணுக்குகள் இருந்தன.

"ஹாலிகோம்ப் மாளிகையில எட்டு கைவெச்ச நாற்காலி இருக்கு. தங்க ரேக்கு ஒட்டினது. நூத்துத் தொண்ணூறு வருஷம் ஆச்சு. யார் செஞ்சதுன்னு இதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. கூரை ஒழுகி ரேக்கு உரிஞ்சு போச்சு, சரி பண்ணிக் குடுன்னு சீமாட்டி லெட்டிஸ் கேட்டாங்க. ஒவ்வொரு நாற்காலிக்கும் அடியில உளியால நம்பர் வெட்டியிருக்கும். அந்த வரிசைப்படி ஒண்ணொண்ணா என் பட்டறைக்கு வரும், மூணு வாரத்துல திரும்பிப் போகும். அஞ்சு முடிஞ்சுது. ஆறாவது நேத்து, செவ்வாய்க்கிழமை வந்திருக்கணும். திங்கட்கிழமை ஸ்ட்ரேக் வந்து நின்னார்."

"யாரு?"

"லயனல் ஸ்ட்ரேக். லண்டன்ல பழம்பொருள் வியாபாரி. பெரிய நிபுணர். எட்டையும் குப்புறக் கவுத்து சீமாட்டிக்குக் காட்டினார். ஏழு நாற்காலியில உட்காரும் சட்டத்துக்கு அடியில நாலு நாலு ஓட்டை இருக்கு. லண்டன்ல செஞ்ச நாற்காலியைப் பெட்டியில வெச்சு அனுப்பும்போது, வழியில ஆடக் கூடாதுன்னு பெட்டியோட அடிப்பலகையிலிருந்து நாற்காலிக்குள்ள ஸ்க்ரூ போட்டு முடுக்குவாங்க. அந்தக் காலத்து வழக்கம் அது. முதல் நம்பர் நாற்காலியில மட்டும் ஓட்டை இல்லை. 'அப்போ இது லண்டன்லேருந்தே வரலை, புதுசா செஞ்ச போலி. அசலை இந்தப் பொம்பளை அமுக்கிட்டா'ன்னு சொல்லிட்டார்."

"அந்த ஓட்டை இல்லைங்கிறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். ரெண்டாவது நாற்காலி வந்தப்பவே கவனிச்சேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?" என்று வின்னி பாய்ந்தாள்.

"நான் ரேக்கு ஒட்டுறவ, மிஸ் பாஸ்க். ஓட்டை எண்றவ இல்ல."

டாரன்ட் சிரிக்கவில்லை. "கெடு எதுவும் வெச்சிருக்காங்களா?"

"வெள்ளிக்கிழமை. அதுக்குள்ள அசலைத் திருப்பிக் குடுத்தா போலீஸுக்குச் சொல்ல மாட்டாங்களாம். ஸ்ட்ரேக் பண்ற தயவு! இல்லாததை எங்கேருந்து குடுப்பேன்? அதுக்குள்ள ரெண்டு மாளிகையிலேருந்து வந்து அவங்க சட்டத்தையெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரு வார்த்தை கேட்கலை. இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனா பட்டறையை மூட வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷம், மிஸ்டர் டாரன்ட். நான் மூட மாட்டேன். செய்யாததை ஒத்துக்கவும் மாட்டேன்."

அன்று புதன்கிழமை. டாரன்ட் ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தொப்பியைத் தேடினார்.

வியாழக்கிழமை மழை கொட்டியது. ஹாலிகோம்ப் மாளிகையின் நீண்ட கூடத்தில் எட்டு நாற்காலிகளும் சுவரோரமாக நின்றன. ஐந்தில் தங்கம் அமைதியாக ஒளிர்ந்தது, மற்ற மூன்றில் மங்கிக் கிடந்தது. சீமாட்டி லெட்டிஸ் ஃபெரிங் தோட்டத்து ரப்பர் காலணியோடு வந்து உட்கார்ந்தார். அறுபது வயது. அவர் நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார். அப்படிப்பட்ட நல்லவர்களால்தான் உலகத்தில் பாதி அநியாயம் நடக்கிறது.

தேநீர் வந்ததும் சீமாட்டி சன்னலைப் பார்த்துக் கோப்பையைத் தூக்கினார். "கூரை மேல இருக்கிற நான்ஸிக்கு!"

வின்னி விழித்தாள்.

"பயப்படாதே பெண்ணே. மழை நாள்ல இந்த வீட்டுல முதல் கோப்பை நான்ஸிக்குத்தான். எங்க பரம்பரையில கேத்தரின்னு ஒரு மகராசி இருந்தா. நான்ஸி அவளோட வேலைக்காரி. ஒரு தடவை ரெண்டு பேரும் லண்டன்லேருந்து குதிரை வண்டியில திரும்பி வந்தாங்க. நாலு பேர் உட்கார்ற வண்டி. ஆனா நான்ஸி கொட்டுற மழையில கூரை மேல உட்கார்ந்து வந்தா! வீட்டுல இறங்கினதும் மூணு நாள் ஜுரம்."

"ஏன்?"

சீமாட்டி குரலைத் தணித்தார். தணித்தாலும் கூடம் முழுக்கக் கேட்டது. "வண்டிக்குள்ள கேத்தரின் பக்கத்துல கம்பளி போத்திக்கிட்டு ஒரு ஆள் இருந்தானாம்! வழிச் சத்திரத்துல எல்லாரும் பார்த்திருக்காங்க. இறங்கவும் இல்லை, பேசவும் இல்லை, ஒரு வாய் சாப்பிடவும் இல்லை. அவன் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. புருஷன் தங்கமானவன், மன்னிச்சுட்டான்போல. அந்த வருஷக் கடைசியிலதான் இந்த நாற்காலியெல்லாம் பெட்டி பெட்டியா வந்து இறங்கிச்சு. அவளைச் சமாதானப்படுத்த வாங்கினதுன்னு பேச்சு."

"அதிர்ஷ்டக்காரி" என்று வின்னி பெருமூச்சு விட்டாள்.

டாரன்ட் முதல் நாற்காலியை மெதுவாகக் கவிழ்த்தார். உட்காரும் இடத்தின் அடிப்பக்கத்தைப் பழைய லினன் துணி மூடியிருந்தது. "இந்தத் துணியைப் பிரிச்சுப் பார்த்தாங்களா?"

"கூடவே கூடாது! மேலே இருக்கிற தையல் வேலை கேத்தரின் கைப்படச் செஞ்சது. மரத்தைத் தவிர எதையும் தொடக் கூடாதுன்னு டோர்கஸுக்கு நான்தான் கட்டளை போட்டேன்."

"மிஸ்டர் ஸ்ட்ரேக்கை நீங்க வரச் சொன்னீங்களா?"

"இல்லையே. ஞாயித்துக்கிழமை போன்ல பேசினேன். அஞ்சு முடிஞ்சுது, நாளான்னைக்கு ஆறாவது போகுதுன்னு சந்தோஷமா சொன்னேன். மறுநாள் காலையில வாசல்ல நிக்கிறார். அவ்வளவு அக்கறை அந்த மனுஷனுக்கு."

டாரன்ட் தலையை ஆட்டினார். வின்னி அந்த நேரத்தில் வேறொரு ஆளைப் பிடித்திருந்தாள். மாளிகையின் தச்சர் ஏமஸ். நாற்காலி செதுக்கத் தெரிந்தவர், எட்டையும் தினம் பார்க்கிறவர், கூடத்துச் சாவி வைத்திருப்பவர். மழை விட்டதும் டாரன்டை இழுக்காத குறையாகக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப் போனாள்.

ஏமஸ் கோழிக் கூண்டுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் நடுங்கின.

"இந்தக் கையால நாற்காலி செதுக்கினேனான்னு கேட்கிறியா தாயி? காலையில சட்டைப் பொத்தான் போடவே என் பொஞ்சாதி வேணும். போன வருஷம் இந்தக் கூண்டு அடிச்சேன் பாரு, அதுதான் கடைசி. அதுவும் பலகை தானா கிடைச்சதால."

"நல்ல பலகை" என்றார் டாரன்ட்.

"பின்னே! ஸ்ட்ரேக் ஐயா பெட்டிங்க. பிப்ரவரியில கண்காட்சிக்குன்னு ஒரு நாற்காலி கொண்டுபோனாரு. போனதும் இதே பெட்டி, மே மாசம் திரும்பி வந்ததும் இதே பெட்டி. சும்மா வைக்கோலும் கம்பளியுமா திணிச்சிருந்துச்சு. பெட்டி வேணாம்னுட்டாரு. அடிப்பலகையை அப்படியே கவுத்துக் கூரையா போட்டேன். ஒரு ஓட்டை கிடையாது, ஒட்டுப் போட்ட இடம் கிடையாது. நேத்து அடிச்ச மழையில ஒரு கோழி நனைஞ்சிருந்தா என்னைக் கேளுங்க."

"எந்த நாற்காலி போச்சு?"

"அதை யாரு பார்த்தா? எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கு."

டாரன்ட் கூண்டின் கூரையைக் கையால் தடவிப் பார்த்தார். குனிந்து உள்ளே தலையை விட்டும் பார்த்தார். ஒரு சேவல் அவரை முறைத்தது.

"சார், கோழிக் கூண்டுல என்ன இருக்கு?" என்றாள் வின்னி, ஏமாற்றத்தோடு.

"ஒண்ணும் இல்ல வின்னி. அதுதான் விசேஷம். மிஸஸ் யெல்லண்டை நாளைக்கு அச்சு மெழுகு எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. உடைஞ்ச பூவேலைக்கு அச்செடுப்பாங்களே, அந்த மெழுகு. கொஞ்சம் எண்ணெயும்."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். சீமாட்டி சோபாவில். ஏமஸ் கதவருகே, தொப்பியைக் கையில் பிடித்தபடி. லயனல் ஸ்ட்ரேக் கணப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெள்ளை முடி, சாம்பல் நிறக் கையுறை, எவரையும் மன்னிக்கத் தயாரான முகம்.

"இன்னும் நேரம் இருக்கு மிஸஸ் யெல்லண்ட். நாற்காலி எங்கேன்னு சொல்லிடுங்க. சீமாட்டி பெரிய மனசு பண்ணுவாங்க. பொம்பளை கை, பட்டறை நடத்தக் கஷ்டம், சபலப்பட்டுட்டீங்க. யாருக்கும் புரியாதா என்ன?"

சீமாட்டியும் சாய்ந்துவிட்டார். "ஆமாம் டோர்கஸ். சத்தமில்லாம முடிச்சுக்கலாமே."

டோர்கஸ் தன் பையை மேசையில் வைத்தாள். "சத்தமா முடிக்கணும்னுதான் வந்திருக்கேன், சீமாட்டி. இருபத்திரண்டு வருஷம் சத்தமில்லாம வேலை பார்த்தது போதும்."

"அப்போ மெழுகை எடுங்க" என்றார் டாரன்ட்.

ஏழு நாற்காலிகளும் குப்புறக் கவிழ்க்கப்பட்டன. டோர்கஸ் ஒவ்வொன்றிலும் ஒரு துளைக்குள் எண்ணெய் தடவி, கையில் பிசைந்து இளக்கிய மெழுகைக் குச்சியால் அடி வரை திணித்தாள். இறுகியதும் நிதானமாக இழுத்து, வரிசையாகத் தட்டில் வைத்தாள். இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர், நான்கு, ஐந்து. சுண்டுவிரல் நீளத்துக்கு நுனி மழுங்கிய கட்டைகள். ஆறாவதை இழுத்தவள் ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏழும் எட்டும் மறுபடி மழுங்கல்.

"ஆறாம் நம்பர்ல கூர்மையா இருக்கு" என்றாள் வின்னி.

"ஏமஸ், உங்க தாத்தா காலத்து ஸ்க்ரூ எப்படி இருக்கும்?"

"முனை இருக்காதுங்க. மொட்டையா இருக்கும். முதல்ல ஓட்டை போட்டுட்டு அப்புறம்தான் அதைத் திருகணும். இப்ப இருக்கிற மாதிரி கூரான ஸ்க்ரூ எல்லாம் நூறு வருஷத்துக்குள்ள வந்ததுதானுங்களே."

"இந்த நாற்காலிங்க வந்து நூத்துத் தொண்ணூறு வருஷம் ஆச்சு. ஆறாம் நம்பருக்குள்ள கூரான ஸ்க்ரூ எப்படி வந்துச்சு?"

ஸ்ட்ரேக் மெல்லச் சிரித்தார். "இதுக்கா இத்தனை வித்தை? அது எங்க ஆளுங்க போட்ட ஸ்க்ரூ. கண்காட்சிக்கு நான் கொண்டுபோன நாற்காலி அதுதான். பழைய வழக்கப்படியே பெட்டியில வெச்சு முடுக்கினோம்."

"நீங்க கொண்டுபோனது ஆறாம் நம்பர்தானா? உறுதியாத் தெரியுமா?"

"என் கையால தேர்ந்தெடுத்தது."

"நன்றி. அது எந்த நாற்காலின்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாம இருந்துச்சு" என்றார் டாரன்ட். "இன்னும் ரெண்டு சந்தேகம். புது ஸ்க்ரூ நீங்க போட்டீங்க, சரி. பழைய மொட்டை ஸ்க்ரூவோட ஓட்டை எங்கே? நாலும் நாலும் எட்டு இருக்கணுமே. நாலுதான் இருக்கு."

"அதே ஓட்டையில போட்டிருப்பாங்க. ஆழமா இறங்கியிருக்கும்."

"இருக்கலாம். பெட்டியோட அடிப்பலகை வழியாத்தானே ஸ்க்ரூ நாற்காலிக்குள்ள போகணும்? அப்போ பலகையிலயும் நாலு ஓட்டை இருக்கணும்."

"இருக்கும், சந்தேகம் என்ன? பெட்டி எப்பவோ விறகாப் போயிருக்கும்."

கதவருகே ஏமஸ் தொண்டையைக் கனைத்தார். "விறகாப் போகலீங்க. என் கோழிங்க தலைக்கு மேல இருக்கு. ஒரு ஓட்டை கிடையாது."

யானை தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். ஸ்ட்ரேக் கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். எந்த விரல் எதற்குள் போகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

"நான் சொல்றேன், தப்பிருந்தா திருத்துங்க" என்றார் டாரன்ட். "பிப்ரவரியில அசல் போச்சு. மூணு மாசத்துல லண்டன்ல அதைப் பார்த்து ஒரு நகல் செஞ்சாங்க. நல்ல கைக்காரன். மேல இருக்கிற பழைய துணியை அப்படியே எடுத்து மாட்டி, நாலு ஓட்டை உட்பட எல்லாத்தையும் காப்பி அடிச்சான். அவன்கிட்ட இருந்தது இந்தக் காலத்துக் கூரான ஸ்க்ரூ, அதைத் திருகி ஓட்டை போட்டுட்டுக் கழட்டிட்டான். ஓட்டையோட வாயைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க, அடியை யார் பார்ப்பாங்க? மே மாசம் நகல் இங்க வந்துடுச்சு. எல்லாம் சரியாப் போச்சு. அப்புறம்தான் மிஸஸ் யெல்லண்ட் வரிசையா வேலையை ஆரம்பிச்சாங்க."

"ஒரு நாற்காலியை ஒரு மணி நேரம் கையில வெச்சிருந்தா போதும். அதுக்கு வயசு என்னன்னு சொல்லிடுவேன்" என்றாள் டோர்கஸ்.

"அது அவருக்கும் தெரியும். ஞாயித்துக்கிழமை போன்ல சேதி கேட்டார், அடுத்தது ஆறுன்னு. அது உங்க பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி உங்களை நிறுத்தியாகணும். சும்மா நிறுத்தினா போதாது, நாளைக்கு நீங்க என்ன சொன்னாலும் ஒருத்தரும் நம்பக் கூடாது. அதுக்கு ஓட்டையில்லாத முதல் நாற்காலி தோதா கிடைச்சுது. எனக்கு ஆரம்பத்திலேயே உறுத்தினது ஒண்ணுதான். போலி செய்யறவன் கண்ணால பார்க்கிற எல்லாத்தையும் காப்பி அடிப்பான். நாலு ஓட்டையை மட்டும் மறந்துடுவானா?"

ஸ்ட்ரேக் வாயைத் திறந்தார். "அப்போ முதல் நாற்காலியில ஏன் ஓட்டை இல்லை? அதுக்குப் பதில் சொல்லுங்க! அதுவும் லண்டன்லேருந்து வந்ததுன்னா, எப்படி வந்துச்சு? நடந்தா?"

"குதிரை வண்டியில வந்துச்சு" என்றார் டாரன்ட். "கம்பளி போத்திக்கிட்டு."

சீமாட்டியின் கை வாய்க்குப் போனது.

"எட்டு நாற்காலி செய்யச் சொன்னா, முதல்ல மாதிரிக்கு ஒண்ணு செஞ்சு காட்டுவாங்க. வாங்குறவங்களுக்குப் பிடிச்சாத்தான் மீதி ஏழு. லண்டன்ல அதைப் பார்த்த கேத்தரினுக்குப் பொறுக்கலை, கையோட கொண்டுவந்துட்டாங்க. ரேக்கு உரசிடக் கூடாதுன்னு கம்பளியைச் சுத்தி, வண்டிக்குள்ள பக்கத்துல வெச்சுக்கிட்டாங்க. மழை நாற்காலிக்கு ஆகாது, நான்ஸிக்கு ஆகும்னு நினைச்சிருக்காங்க. பெட்டி இல்லை, ஸ்க்ரூவும் இல்லை. மீதி ஏழும் வருஷக் கடைசியில பெட்டி பெட்டியா வந்துச்சு."

"இறங்கவும் இல்லை, பேசவும் இல்லை, ஒரு வாய் சாப்பிடவும் இல்லை" என்று முணுமுணுத்தார் சீமாட்டி. "கடவுளே! நூத்துத் தொண்ணூறு வருஷமா எங்க குடும்பம் ஒரு நாற்காலியைச் சந்தேகப்பட்டிருக்கு!"

வின்னிக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. அந்தக் கம்பளி ஆள் மீது அவளுக்கு ஒரு பிரியம் விழுந்திருந்தது.

"இதெல்லாம் கதை, ஆதாரம் இல்லை" என்றார் ஸ்ட்ரேக்.

"ஆதாரம் அந்த லினன் துணிக்குப் பின்னால இருக்கலாம். மாதிரி நாற்காலின்னா யாராவது ஏதாவது எழுதி வெச்சிருப்பாங்க. சீமாட்டி, உங்க கட்டளையை நீங்க வாபஸ் வாங்கிக்கணும்."

சீமாட்டி இந்த முறை யார் பக்கமும் பார்க்கவில்லை. "பிரி, டோர்கஸ்" என்றார்.

டோர்கஸ் முதல் நாற்காலியைக் கவிழ்த்து, முழங்காலிட்டு உட்கார்ந்தாள். துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகக் கிளப்பி, நூல் இற்றுப்போன துணியை ஒரு பக்கம் மட்டும் மடித்தாள். வின்னி விளக்கைப் பிடித்தாள். உள்சட்டத்தின் மரத்தில் கரிய பென்சில் எழுத்து இருந்தது, வெளிச்சமே படாததால் கொஞ்சமும் மங்காமல். டோர்கஸ் அதை முதலில் மனதுக்குள் படித்தாள். பிறகு நகர்ந்து வின்னிக்கு இடம் விட்டாள். வின்னி சத்தமாகப் படித்தாள்.

"'மாதிரி நாற்காலி. மீதி ஏழுக்கும் இதுவே அளவு. செய்தவன் ஜோசையா வெரல். ரேக்கு ஒட்டியவள் அவன் மனைவி ஆன்.'"

இத்தனை வருஷமாக நிபுணர்கள் தேடிய பெயர் அது. போலி என்று ஸ்ட்ரேக் சொன்ன நாற்காலிக்குள்ளேயே இருந்தது. ஸ்ட்ரேக் அந்த எழுத்தைப் பார்க்கக் குனிந்தார், பழக்கதோஷம். பிறகு நிமிர்ந்து, பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அது ஆறாம் நம்பர் இருந்த இடத்துக்கு வின்னி வேண்டுமென்றே இழுத்துப் போட்டிருந்த சமையலறை நாற்காலி.

"அசல் எங்கே?" என்றார் டாரன்ட்.

"என் கிடங்குல. இன்னும் விற்கலை" என்றார் ஸ்ட்ரேக், தரையைப் பார்த்தபடி.

சீமாட்டி தானே எழுந்து போலீஸுக்குப் போன் செய்தார். அடுத்து, சட்டங்களைத் திருப்பி எடுத்துப் போன இரண்டு மாளிகைகளுக்கும் போன் செய்தார். நடந்ததை அவர் சொன்ன குரல் கூடத்துக்கே கேட்டது. அந்தக் குரலுக்கு இன்றைக்காவது ஒரு பிரயோஜனம் இருந்தது. திரும்பி வந்து டோர்கஸின் எதிரில் நின்றார்.

"நான் முட்டாள்தனம் பண்ணிட்டேன், டோர்கஸ். என்னை மன்னிச்சுடு."

"மன்னிக்க நாளாகும், சீமாட்டி" என்றாள் டோர்கஸ். "ஆனா வேலையை முடிச்சுக் குடுப்பேன். அசல் ஆறு வந்ததும் அனுப்புங்க."

சீமாட்டிக்கு அது வலித்திருக்க வேண்டும். நியாயம்தான் என்பதுபோலத் தலையை ஆட்டி, எழுதும் மேசையிலிருந்து ஒரு பென்சில் எடுத்து நீட்டினார். "துணியை மூடறதுக்கு முன்னாடி நீயும் எழுது."

டோர்கஸ் பென்சிலை உடனே வாங்கவில்லை. செய்த வேலையில் அவள் இதுவரை எங்குமே பெயர் போட்டதில்லை. டாரன்ட் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மரத்தில் பென்சில் உரசும் சத்தம் கேட்டது. ஆன் என்ற பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், 'உரிந்த ரேக்கைத் திரும்ப ஒட்டியவள் டோர்கஸ் யெல்லண்ட்' என்று எழுதினாள். பிறகு துணியை இழுத்து மூடி, பழைய ஆணிகளைப் பழைய துளைகளிலேயே ஒவ்வொன்றாக அடித்தாள்.